வட்டம் போட்ட முகம்

சுலோஜனாவுக்கு முகங்கள்தான் தொழில். கொழும்பிலுள்ள தமிழ்த் தொலைக்காட்சி ஒன்றுக்குப் பன்னிரண்டு வருஷமாக மட்டக்களப்பிலிருந்து அரசியல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் முதுகு காட்டி நிற்கிற எம்பியைப் பின்கழுத்தை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடுவாள். எந்த அமைப்பாளர் எந்தக் கட்சிக்குத் தாவப் போகிறார் என்பது, அவர் யாருக்குப் பக்கத்தில் நின்று தேத்தண்ணி குடிக்கிறார் என்பதிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். தொடக்கத்தில் சொந்தமாகக் கமராகூட இல்லை. வெள்ளத்துக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, நிவாரணம் கொடுக்க வந்த அரசியல்வாதி ஒருவரிடம், "போன வருஷமும் இதத்தானே சொன்னீங்க, ஐயா?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வி அவளை ஊரறியச் செய்தது. அதற்குப் பிறகு மேடையில் இருப்பவர்கள் அவளுடைய மைக்கைக் கண்டால் சால்வையைச் சரிசெய்துகொள்வார்கள்.

அந்த உழைப்புக்குக் கூலி இப்போதுதான் வந்திருந்தது. திங்கட்கிழமை முதல் கொழும்பு நிலையத்தில் காலை அரசியல் நேர்காணல் அவளுடையது. ஞாயிறு பின்னேரம் பஸ். இரண்டு சேலை, மூன்று சட்டை என்று கட்டிலில் எடுத்து வைத்தவள், அவற்றை நாலு தரம் மடித்துப் பிரித்துவிட்டாள். சனிக்கிழமை காலையிலேயே கச்சான் காற்று எழும்பிவிட்டது. உள்நாட்டு வயலெல்லாம் காய்ச்சி எடுத்துக்கொண்டு வருகிற சூட்டுக்காற்று அது. கல்லடியில் அவர்கள் வீட்டு ஜன்னல்கள் அடித்து அடித்துச் சாத்தின. அவளுக்கும் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

"இண்டைக்கும் பருப்புத்தான்," என்றான் ஜெயந்தன் குசினியிலிருந்து. அவளுடைய புருஷன். கச்சேரி என்கிற மாவட்டச் செயலகத்தில் கிளாக். காலையில் மீன் வாங்குவது, வெட்டுவது, கறி வைப்பது எல்லாம் கலியாணம் முடித்த நாளிலிருந்து அவன் வேலை.

"ஏன், மீன் வரல்லயா?"

அகப்பையோடு திரும்பி அவளைப் பார்த்தான். "எப்பிடி வரும்?"

"கச்சானுக்கு ஆத்தில மீன் படுகுதில்லயாமா?"

"பகிடியா விடுறாய், சுலோ?"

"என்ன பகிடி?"

அவன் அடுப்பைக் குறைத்தான். "மீன்காரர் மறியல்ல. நீதானே வட்டம் போட்டுக் காட்டினாய்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. புதன்கிழமை பின்னேரம் வாவிக்கு அந்தப் பக்கம், புளியடித்துறையில் நடந்த உள்ளூராட்சித் தேர்தல் கூட்டம் நினைவுக்கு வந்தது. கூட்டம் குழம்பி அடிபாடு நடந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரையைத் தலைக்கு மேல் தூக்கிய ஆளொன்று. அவள் எடுத்த படம். கொழும்பில் அந்த ஆளின் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். 'கூட்டத்தில் தாக்குதல் நடத்திய நபர்' என்று அதற்குக் குரல் கொடுத்தவள் அவள்தான். வியாழக்கிழமை பொலிஸ் அந்த ஆளைப் பிடித்தது. பதினாலு நாள் விளக்கமறியல் என்ற செய்தியையும் அவளே அனுப்பினாள். பெயர் நல்லரெத்தினம், வயது நாற்பத்தாறு.

"அவரா?" என்றாள்.

"ஒம்பது வருஷமா எங்கிட படலையில வந்து நிக்கிற மனிசன். ஒனக்குத் தெரியாதா?" ஜெயந்தனுடைய குரலில் கோபம் இல்லை. "தெரிஞ்சுதான் போட்டாய் எண்டு நினைச்சன். தொழில் எண்டு வந்தா தெரிஞ்சவர் தெரியாதவர் பாக்க ஏலாது எண்டு நீ சொல்றதானே. அதான் ரெண்டு நாளா நான் ஒண்டும் கதைக்கல்ல."

சுலோஜனாவுக்கு மீன்காரருடைய ரெஜிபோம் ஐஸ் பெட்டி நினைவுக்கு வந்தது. அதைக் கட்டிய பச்சைக் கயிறு, மீனைப் பூவரசம் இலையில் வைத்து நீட்டுகிற கை, கறுத்துப்போன பெருவிரல் நகம், எல்லாம் வந்தன. முகம் மட்டும் வரவில்லை. எத்தனையோ காலை, ஃபோனைக் காதில் வைத்தபடி அவரைக் கடந்து ஸ்கூட்டியை வெளியே எடுத்திருக்கிறாள். அவர் படலையை அகலத் திறந்து பிடித்துக்கொள்வார். அவள் தலையாட்டிவிட்டுப் போவாள்.

மடிக்கணினியைத் திறந்து, வெட்டாத முழுப் படத்தையும் போட்டாள். ஜெயந்தன் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான். பதினொரு நிமிஷப் படம். பேச்சு, கூச்சல், யாரோ மின்சார வயரை இழுத்துவிட ஒலிபெருக்கி நின்றுபோகிறது. இடப்பக்கமிருந்து, கமராவுக்கு வெளியே நிற்கிற எவனோ வீசிய கதிரையொன்று பறந்து வருகிறது. முன்வரிசையில் இருந்த வயதான பெண்ணொருத்தி அதோடு சரிந்து விழுகிறாள். சனம் அவளை மிதித்துக்கொண்டு ஓடுகிறது. பின்னாலிருந்து ஒருவர் எதிர்த்திசையில் தள்ளிக்கொண்டு வருகிறார். குனிகிறார். அந்தப் பெண்ணின் மேல் கிடந்த கதிரையைத் தூக்கித் தலைக்கு மேலே பிடிக்கிறார், வேறெதுவும் அவள்மேல் விழாமல்.

அவள் அனுப்பியது அந்தத் தூக்கிய ஏழு செக்கன். சனத்துக்குள் கமராவைத் தலைக்கு மேலே பிடித்து எடுத்ததில், அதற்கு முன்னாலிருந்ததை அவள் பார்க்கவேயில்லை. ஆறரைச் செய்திக்கு இருபது நிமிஷம் இருந்தது. ஸ்கூட்டிச் சீற்றில் ஃபோனை வைத்து, அவசர அவசரமாக வெட்டினாள். அனுப்பியதும் பாராட்டு வந்தது.

"போடு, இன்னொருக்கா போடு," என்றான் ஜெயந்தன். பிறகு, "வேணா, நிப்பாட்டு," என்றான்.

செய்திப் பணிப்பாளர் இல்ஹாமுக்கு அழைத்தாள். ஏறாவூர்க்காரர். அவளை இந்தத் தொழிலுக்குள் இழுத்து வந்தவரே அவர்தான். முழுக்கக் கேட்டார்.

"படத்த எனக்கு அனுப்பின நீயா?"

"இப்பதான் அனுப்பினன், சேர்."

ஃபோனுக்குள் கூட்டத்தின் கூச்சல் கேட்டது. பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"சரி புள்ள, பிழைதான்," என்றார். "ஆனா இப்ப திருத்தம் போட்டா என்ன நடக்கும்? ரெண்டு கட்சியும் நம்மட கழுத்தில ஏறும். தேர்தல் முடியட்டும்."

"அதுவரைக்கும் அவர் மறியல்லயா இரிக்கிற?"

"பதினாலு நாள்தானே. பிணை குடுப்பாங்க."

"பாக்காம வட்டம் போட்ட நாங்க, சேர்."

"நாங்க 'நபர்' எண்டுதான் சொன்ன. குற்றவாளி எண்டு சொல்லல்ல."

"'தாக்குதல் நடத்திய நபர்' எண்டு சொன்னன். என்ட வாயாலதான் சொன்ன."

அவர் மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். ஒரு மணித்தியாலம் கழித்து எடுத்தபோது குரல் மாறியிருந்தது. படம் நிறுவனத்தின் சொத்து; வெளியாருக்கு ஒரு செக்கனும் போகக் கூடாது; போனால் அவளுக்கும் நிறுவனத்துக்கும் ஒட்டில்லை. எல்லாவற்றையும் சொல்லி முடித்து, "திங்கக்கிழம நீ கதிரையில இருக்கிற நாள், சுலோ. அதக் கெடுத்துக்காத. நான் வேற என்ன சொல்ல?" என்றார். அவர் சொன்னதில் அவள்மேல் இருந்த பிரியம் பொய்யில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

நல்லரெத்தினத்தின் வீட்டுக்குப் போவோம் என்றாள். ஜெயந்தன் மோட்டார் சைக்கிளை எடுத்தான். சனம் ஆறு என்று சொல்கிற வாவிக்கு மேலே போட்ட பாலத்தைத் தாண்டும்போது காற்று வண்டியை ஓரத்துக்குத் தள்ளியது. கீழே தண்ணீர் கலங்கி, சின்னச் சின்னதாக நுரைத்துக்கொண்டு கிடந்தது. தோணிகளைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்திருந்தார்கள். புளியடித்துறையில் வீடு கேட்க வேண்டியிருக்கவில்லை. தேத்தண்ணிக் கடையில் நின்றவர்கள் அவள் முகத்தைப் பார்த்ததும் தாங்களாகவே கையைக் காட்டினார்கள்.

நல்லரெத்தினத்தின் மனைவி கமலாவதி முற்றத்தில் பாயை விரித்துக் கூனி இறால் காயப்போட்டிருந்தாள். காற்று அள்ளிக்கொண்டு போகாமல் பாயின் நாலு மூலையிலும் கல் வைத்திருந்தாள். அப்படியும் பறந்தது. குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பாயில் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"படம் எடுக்க வந்தயளா, மிஸ்?"

"இல்லக்கா. கமரா கொண்டுவரல்ல."

"அப்ப என்னத்துக்கு?"

சுலோஜனா சொன்னாள். தொலைக்காட்சியில் நாற்பது நிமிஷம் மூச்சு விடாமல் பேசுகிறவளுக்கு இந்த ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்கத் தண்ணீர் விடாய்த்துவிட்டது. அவர் அடிக்கவில்லை, காப்பாற்றத்தான் தூக்கினார், அது தன்னுடைய படத்திலேயே இருக்கிறது, தான் பார்க்கவில்லை.

"அவர் அடிக்கல்ல எண்டு எனக்குத் தெரியும்," என்றாள் கமலாவதி. "இத எனக்குச் சொல்லவா ஆறு கடந்து வந்த நீங்க?"

சுலோஜனா குனிந்து, காலடியில் பறந்து வந்த கூனியொன்றைப் பொறுக்கிப் பாயில் போட்டாள்.

"அவர் கூட்டத்துக்குப் போற மனிசனே இல்ல. முகத்துவாரத்த வெட்டித் தண்ணியக் கடலுக்கு விடுறதப் பத்திக் கதைப்பாங்க, ஆத்துத் தண்ணி வத்தினா எங்கிட பாடு என்ன எண்டு கேக்கப் போறன் எண்டு போனவரு. பின் வரிசையில இருந்திருக்காரு. கேக்கிறதுக்குள்ள அடிபாடு. அந்தக் கிழவி எங்கிட ஊரும் இல்ல, எங்கிட கட்சியும் இல்ல. கதிரையத் தூக்கி விட்டுத்து, ஆட்டோவில ஏத்தி விட்டுத்து வந்தாரு. வந்து குளிச்சாரு, சோறு திண்டாரு. விடிய வலை இழுத்துத்து வரக்குள்ள பொலிசு நிக்கிது. 'ஒன்ட மூஞ்சி டிவியில வந்திரிக்கு' எண்டாங்க. இவருக்கு என்ன நினைப்பு? கிழவியக் காப்பாத்தின படம் வந்திரிக்காக்கும் எண்டு சிரிச்சிரிக்காரு."

ஜெயந்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கட்டார்ல இரிக்கிற எங்கிட மகனுக்கு ஆரோ அனுப்பிப்போட்டாங்க. அவன் எடுத்துக் கேக்கிறான், 'அப்பா ஏன்ம்மா அடிச்ச?' எண்டு. பெத்த புள்ளயே அடிச்சது எண்டுதான் கேக்கிறான், அடிச்சாரா எண்டு கேக்கல்ல." கமலாவதி பாயை இழுத்து மடித்தாள். பிறகு, சந்தேகம் கேட்கிறவளைப் போல, உண்மையாகவே கேட்டாள்: "ஏன் மிஸ், அந்த வட்டத்த மட்டும் அழிக்க ஏலாதா?"

அழிக்க முடியாது என்பதை எப்படிச் சொல்வது? எத்தனை ஆயிரம் ஃபோனில் அது ஓடிக்கொண்டிருக்கிறதோ.

திரும்பும் வழியில் பாலத்தின் நடுவே ஜெயந்தனை நிற்பாட்டச் சொன்னாள். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேள்வி கேட்பது சுலபம். பன்னிரண்டு வருஷமாகக் கேட்டுக் கேட்டு, பதில் சொல்ல முடியாமல் ஆட்கள் நெளிவதைப் பார்த்துப் பழகிவிட்டாள். அந்த நெளிவைத்தான் நிலையமும் விரும்பியது, சனமும் விரும்பியது. தான் நெளிய நேர்ந்தால் எப்படியிருக்கும் என்று அவள் யோசித்ததேயில்லை.

"கொழும்புக்குப் போகாட்டி ஒனக்குக் கவலையா?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன கவல? ஒனக்குத்தான் பன்னெண்டு வருஷம்," என்றான் அவன். "போனா ஒன்னால அங்க இரிக்க ஏலுமா எண்டு பாரு."

ஞாயிறு காலை சுலோஜனாவும் ஜெயந்தனும் காத்தான்குடியில் சட்டத்தரணி பஹ்மியின் வீட்டில் இருந்தார்கள். கமலாவதி புருஷனுடைய வழக்குக்கு ஏற்கெனவே பேசி வைத்திருந்த ஆள் அவர். முழுப் படத்தையும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத நீங்க தந்தா நிறுவனம் ஒங்கள விடாது. தெரியும்தானே?"

"தெரியும்."

"நாளைக்குக் கோட்டுக்கு நேர வரவும் வேணும். நீதவான் கேட்டா மறுமொழி சொல்லணும்."

"வாறன்."

அவர் சத்தியக் கடதாசியை எழுதத் தொடங்கினார். கொஞ்சத் தூரம் போய்ப் பேனையை நிறுத்தினார். "காட்சிய வெட்டினது எப்பிடி எண்டு போட? 'தவறுதலாக' எண்டு போடவா, 'அவசரம் காரணமாக' எண்டா?"

"பாக்காம எண்டு போடுங்க," என்றாள் சுலோஜனா.

கொழும்பு பஸ் புறப்படுகிற நேரத்தில் அவள் வீட்டில் உடுப்புகளை அலுமாரியில் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தாள். இல்ஹாமுக்கு மட்டும் ஒரு குரல்பதிவு அனுப்பினாள். அவர் அதைக் கேட்ட அடையாளம் தெரிந்தது. பதில் வரவில்லை.

திங்கள் காலை, அவள் கொழும்பு நிலையத்து விளக்கு வெளிச்சத்தில் இருந்திருக்க வேண்டிய நேரத்தில், கோட்டு மண்டபத்தில் நின்றாள். நீதவான் படத்தை இரண்டு தரம் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"பதினொரு நிமிடம் இருக்கையில் ஏழு வினாடியை மட்டும் ஏன் அனுப்பினீர்கள்?"

"ஆறரைச் செய்திக்குப் பிடிக்க வேண்டியிருந்தது, ஐயா."

அவர் அதை எழுதிக்கொண்டார். வேறொன்றும் கேட்கவில்லை. அவள் ஏச்சை எதிர்பார்த்துத்தான் நின்றாள். எழுதும் சத்தம் மட்டும் கேட்டது. நல்லரெத்தினம் கூண்டில் நின்றார். நாலு நாள் தாடி. அப்போதுதான் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். ஒடுங்கிய கன்னம், இடது புருவத்தில் பழைய வெட்டுத் தழும்பு. எவரும் எளிதில் அடையாளம் கண்டுவிடக்கூடிய முகம்.

அன்றே பிணை கிடைத்தது. மூன்று கிழமையில் வழக்கிலிருந்தும் விடுதலை செய்தார்கள். கதிரையை எறிந்தவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. பிணை கிடைத்த மறுநாள், செவ்வாய்க்கிழமை, இல்ஹாம் அழைத்திருந்தார். நேர்காணலை வேறொருவர் செய்கிறார். மட்டக்களப்புக்கும் புது ஆள் பார்க்கிறார்கள். "நீ செய்தது சரி எண்டுதான் எனக்கும் படுது," என்றார். "ஆனா இத எங்கயும் நான் சொல்ல ஏலாது." திருத்தம் ஒருபோதும் போகவில்லை.

தேர்தல் நடந்தது, முடிந்தது. அன்று முழுக்க அவள் ஃபோனை எடுப்பதும் வைப்பதுமாக வீட்டுக்குள் நடந்தாள். வாக்களிப்பு நிலையத்துக்குப் போய் வாக்கைப் போட்டுவிட்டு, கமரா இல்லாத கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் திரும்பி வந்தாள். ஜெயந்தன் சுண்டல், சொதி என்று எதையாவது வைத்துக் கொடுத்தான். அவள் சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு செய்தி பார்த்தாள். அவளிடத்துக்குப் புதிதாக வந்த பெண், அமைச்சர் ஒருவரின் பெயரைப் பிழையாகச் சொன்னபோது திரையைப் பார்த்துத் திருத்தினாள்.

நல்லரெத்தினம் மறுபடி தொழிலுக்குப் போகிறார் என்று ஜெயந்தன் சொன்னான். ஆனால் அவர்கள் வீட்டுக்கு வருகிற ஒழுங்கைப் பக்கம் அவர் வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவளே புளியடித்துறைக்குப் போனாள். தோணியிலிருந்து மீனைப் பெட்டிக்குள் அள்ளிப்போட்டு, மேலே ஐஸ் உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணன், நீங்க நாலு வார்த்த சொன்னாக் காணும். என்ட ஃபேஸ்புக்ல போடுவன். எண்ணாயிரம் பேர் பாக்கிற பக்கம். முழுப் படத்தயும் சேத்துப் போடலாம்."

"வேணா, மிஸ்."

"உண்மை தெரியட்டுமே."

"ஊரெல்லாம் ஒரு படம் பாத்தாச்சு. இன்னொண்டு போட்டா, மறந்த ஆக்களுக்கும் ஞாபகம் வரும்." கட்டையால் ஐஸை அடித்தார். "என்ட மூஞ்சி இனி ஒண்டிலயும் வர வேணா."

"அப்ப நான் என்ன செய்யட்டும்?"

"நான் கேட்டனா ஏதும் செய்யச் சொல்லி? கோட்டுக்கு வந்த நீங்க. அது காணும்." பெட்டியைக் கட்டினார். பிறகு அவளைப் பார்க்காமலே சொன்னார்: "கல்லடிப் பக்கம் எனக்கு நாப்பது வீடு. இருவத்தாறு வீட்டில இப்ப படல திறக்கிறாங்க இல்ல. மோட்டார் சைக்கிள் கோன் அடிச்சா உள்ளுக்குச் சத்தம் நிக்கிது. அவங்களும் கேக்கிறாங்க இல்ல, நானும் சொல்றன் இல்ல. என்னெண்டு சொல்ற, மிஸ்? மீன் வேணுமா, நான் அடிக்கல்ல எண்டா?"

சுலோஜனா ஸ்கூட்டிச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றாள். "அந்த வீடெல்லாம் எனக்குக் காட்டுவீங்களா?"

அவர் வேண்டாமென்றும் சொல்லவில்லை, ஓமென்றும் சொல்லவில்லை. பெட்டியை மோட்டார் சைக்கிளில் ஏற்றினார். அவள் பின்னால் போனாள்.

முதல் வீட்டில் ஓய்வுபெற்ற தபால் அதிபர். அவளைக் கண்டதும் படலை அகலத் திறந்தது. "அட, டிவிப் புள்ள! என்ன இந்த வெயிலுக்குள்ள?" அவள் சொன்னாள். சொற்கள் முன்னும் பின்னுமாக வந்தன. அவர் ஒழுங்கையில் நின்ற நல்லரெத்தினத்தை எட்டிப் பார்த்தார். உள்ளே போய் மீன் வாங்கச் சட்டியோடு வந்தார்.

மூன்றாம் வீட்டில் ஒரு பெண் முழுவதையும் கேட்டுவிட்டு, "ஒரு செல்ஃபி எடுப்பமா?" என்றாள். மீன் வாங்கவில்லை. அடுத்த வீட்டில் ஜன்னல் சீலை அசைந்தது, ஒருவரும் வரவில்லை. அதற்கடுத்த வீட்டு மனுஷன் இலேசில் விடவில்லை.

"அப்ப அடிச்சது ஆரு?"

"தெரியாது, அண்ணன்."

"தெரியாம எப்பிடி நியூஸ் சொன்ன நீங்க?"

"அதத்தான் சொல்ல வந்த. தெரியாமத்தான் சொன்னன்."

"இத டிவியிலல்லோ சொல்லணும். என்ட படலையில வந்து சொல்லி என்ன?"

"டிவியில விடுறாங்க இல்ல. நான் இப்ப அங்க வேலையும் இல்ல."

அந்த மனுஷன் அவளை மேலும் கீழும் பார்த்தார். "இதுக்கா விட்டாங்க?" என்றார். பிறகு வெளியே பார்த்துச் சத்தமாக, "நல்லரெத்தினம்! இறால் கிடக்கா?" என்று கேட்டார்.

நல்லரெத்தினம் இவ்வளவு நேரமும் வெட்கத்தில் முன் டயரைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றவர். "நண்டுதான் கிடக்கு," என்று அங்கிருந்தே சொன்னார்.

இப்படிப் பதினொரு வீடு போனார்கள். வெயில் ஏறி, பெட்டியின் மூலையால் ஐஸ் தண்ணீர் ஒழுகத் தொடங்கியது. சுலோஜனாவின் தொண்டை கட்டிவிட்டது. ஏழு படலைகள் திறந்தன. இரண்டு இடத்தில் ஏச்சுக் கிடைத்தது, நல்லரெத்தினத்துக்கல்ல, அவளுக்கு. ஒவ்வொரு வீடாகப் போகப் போக அவள் சொல்கிற விதம் சுருங்கிக்கொண்டே வந்தது. சாட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஆறரைச் செய்தி போனது, வட்டம் போட்டது கொழும்பு என்பதும் போனது. கடைசியில் மூன்று வசனம்தான் மிஞ்சியது: இவர் அடிக்கவில்லை. காப்பாற்றினார். பார்க்காமல் சொன்னது நான்.

ஒழுங்கை முடிகிற இடத்தில், வேலியோரப் பூவரசு நிழலில் அவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். பெட்டியைத் திறந்து மிச்ச மீனைப் பிரட்டிப் பார்த்தார்.

"நாளைக்கும் வரட்டா, அண்ணன்?" என்று கேட்டாள்.

அவர் மூடியைச் சாத்திக் கயிற்றை இழுத்து முடிந்தார். "நாளைக்கு நொச்சிமுனைப் பக்கம்," என்றார். "அங்க சனம் கூடக் கேள்வி கேக்கும், மிஸ். வெயிலுக்கு முந்தி வாங்க."